திரையில் வரலாறு: கேமரா எங்கே நின்றது?

தொலைக்காட்சி வரலாற்றறிஞர் என்றால் இடிந்த கோட்டைச் சுவரோரம் நடந்துகொண்டே பேசுபவர் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. பிரித்தானியாவில் இவர்களுக்கு முன்னோடி ஏ. ஜே. பி. டெய்லர். 1957இல் ரஷ்யப் புரட்சியைப் பற்றி, கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், கேமராவைப் பார்த்து அவர் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அலங்காரம் ஏதுமில்லை, ஏறக்குறைய ஒரு வகுப்பறைதான். அவர் சொன்னதில் ஐயம் உள்ளவர் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய படச்சுருள்கள் சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. பேசுகிறவர் ‘இருக்கலாம்’, ‘அப்படித் தோன்றுகிறது’ என்று சொல்லி நிறுத்தலாம். படத்துக்கு அந்த வசதி கிடையாது. திரையில் ஓடியது நடந்ததாகவே மனத்தில் பதிகிறது. ஆகவே தொலைக்காட்சிக்குள் நுழையும் வரலாற்றறிஞர் தம் சொல்லோடு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓடும் படத்துக்கும் பொறுப்பாளி ஆகிறார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் திரையில் முகம் காட்டாத ஒருவரே முதலிடத்துக்கு வருகிறார். அவர் நோபிள் ஃபிராங்லண்ட். லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக 1960 முதல் 1982 வரை இருந்தவர்.

அவர் எதற்காகப் போராடினார் என்று புரிந்துகொள்ள 1916இல் வெளிவந்த ‘சோம் போர்’ என்ற படத்தைப் பார்க்க வேண்டும். ஜூலை 1 அன்று தொடங்கிய அப்போரில் முதல் நாள் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய வீரர்கள் மாண்டனர். படத்தில் ஹாதார்ன் மேட்டின் அடியில் வைத்த வெடி மண்ணை வானுக்குத் தூக்கும் காட்சி வருகிறது. அது உண்மையானது. அதே படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்வதும் ஒருவர் கரையிலேயே சரிந்து விழுவதும் வருகின்றன. இது போர்முனைக்குப் பின்னால் பயிற்சி இடத்தில் நடித்து எடுத்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வீரர்களின் முதுகில் போருக்குப் போகிறவர்கள் சுமக்கும் மூட்டைகள் இல்லை. அதைவிட, ஒளிப்பதிவாளர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். உண்மையான தாக்குதலாக இருந்தால் முதல் குண்டு அவர்மேல்தான் பாய்ந்திருக்கும். வகுப்பில் ஆவணப்படம் காட்டும் ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சியைப் பரிந்துரைக்கிறேன். ஒலியை நிறுத்திவிட்டு, ‘கேமரா எங்கே நின்றது?’ என்று மட்டும் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

1964இல் பிபிசி 26 பகுதிகளாக ‘மாபெரும் போர்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. அருங்காட்சியகமும் அதில் பங்காளி. போரில் இருந்த முதியவர்களின் நேர்காணல்களுக்காகவே அத்தொடரைப் பாராட்டலாம். ஆனால் உண்மைக் காட்சிகளோடு நடித்தெடுத்தவையும் வேறுபாடு சொல்லாமல் கலந்தே ஓடின. ஃபிராங்லண்ட் இதை எதிர்த்தார். நடித்தவை எவை என்று பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். அது ஏற்கப்படவில்லை. அதே தொடரில் சோம் பற்றிய உரையை ஒப்பாமல் லிடல் ஹார்ட் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார். லிடல் ஹார்ட் சண்டையிட்டது சொல்லுக்காக. படத்துக்காக வாதாடியவர் ஃபிராங்லண்ட். வரலாற்றறிஞர்கள் பொதுவாக உரையைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் படத்தைத் தொழில்நுட்பக்காரர்களிடம் விட்டுவிடுகிறார்கள். இது எழுத்தை மட்டுமே சான்றாகக் கருதிப் பழகியதன் விளைவு.

தேம்ஸ் தொலைக்காட்சி 1973இல் தொடங்கிய ‘போரில் உலகம்’ தொடரில் ஃபிராங்லண்ட் தலைமை வரலாற்று ஆலோசகரானார். தயாரிப்பாளர் ஜெரமி ஐசக்ஸ் கேட்டபோது, விடக்கூடாத 15 போர்த்தொடர்களைப் பட்டியலிட்டுத் தந்தார். எஞ்சிய 11 பகுதிகள் நாஜிகளின் எழுச்சி, ஆக்கிரமிப்பில் வாழ்ந்த மக்கள், யூதப் படுகொலை போன்றவற்றுக்குப் போயின. 26 பகுதிகளிலும் நடந்து பேசும் அறிஞர் இல்லை. லாரன்ஸ் ஒலிவியரின் குரல்தான் உண்டு.

தொடரின் தொடக்கம் கவனிக்கத்தக்கது. பிரான்சில் ஒராதூர் என்ற ஊரில் 1944 ஜூன் 10 அன்று ஜெர்மானியப் படையினர் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அந்தக் கொலைக்குப் படம் இல்லை. வேறெங்கோ எடுத்த தீயையும் ஓட்டத்தையும் ஒட்டியிருக்கலாம், பலர் ஒட்டியிருப்பார்கள். இவர்கள் ஆளில்லாத அந்தத் தெருவையும் கூரையற்ற வீடுகளையும் அப்படியே காட்டினார்கள். படம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடையை நான் திரையில் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. ஜெர்மானிய ரகசியச் செய்திகளை நேச நாடுகள் படித்துவந்த செய்தி 1974இல்தான் வெளியே வந்தது. ஆகவே அது தொடரில் இல்லை. ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் நிதானமாகச் சாட்சி சொல்கிறார். யூதர்களைக் கொல்வது பற்றித் தமக்கு ஏதும் தெரியாது என்பதே வெளியுலகில் அவர் நிலைப்பாடு. ஹிம்லர் 1943இல் அதை அறிவித்த கூட்டத்தில் தாம் இருந்ததாக அவர் 1971இல் எழுதிய கடிதம் 2007இல் வெளிவந்தது. புத்தகமானால் அடுத்த பதிப்பில் அடிக்குறிப்புச் சேர்ப்பார்கள். ஆவணப்படம் பழைய முகத்தோடே ஓடுகிறது.

இன்னொன்று, கேமரா போகாத மக்கள். பர்மாவுக்கு இத்தொடரில் தனிப் பகுதி உண்டு. அதன் மையம் படைகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் படச்சுருள் இல்லாதது காரணமாகச் சொல்லப்படலாம். ஒராதூருக்குச் செய்ததை அந்தத் தண்டவாளத்துக்கும் செய்யலாமே!

நடந்து பேசும் அறிஞர் எல்லாரையும் தள்ளிவிடவும் முடியாது. மைக்கேல் வுட் 1985இல் வழங்கிய டிராய்ப் போர் பற்றிய தொடரில் அகழ்வாளர்களின் சண்டையே கதை. ஷ்லீமன் இரண்டாம் அடுக்கைச் சொன்னார், டோர்ப்ஃபெல்ட் ஆறாம் அடுக்கை, பிளேகன் ஏழாவதின் முற்பகுதியை. அங்கே நிற்பது இன்றைய மேடு என்பதில் பார்வையாளருக்குக் குழப்பமே வராது. தலைக்கவசம் அணிந்த நடிகர்கள் புகைக்குள் ஓடும் இன்றைய தொடர்களைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் அதை மெதுவான தொடர் என்று சொல்லக்கூடும். பார்த்து முடித்தவருக்கு டிராய்ப் போர் நடந்ததா என்பது உறுதியாகத் தெரியாது. எந்த அடுக்கை யார், எதைக் கண்டு சொன்னார் என்பது தெரியும்.