திரை அகன்றது, பார்வை?

சுவரை விழுங்கும் 55 அங்குலத் திரை, நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களிலும் குடியேறிவிட்டது. 2006-இல் தி.மு.க. அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணப் பெட்டியோ 14 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் இன்றையது 13 மடங்குக்கு மேல்! 32 அங்குலத்தைத் தாண்டியவற்றின் வரியும் 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. வாங்கட்டும், மகிழட்டும். உழைப்பவன் இல்லத்தில் ஒளி புகுவதை வெறுக்க நாம் துறவிகளல்லர்.

ஆனால், அவ்வொளியில் தெரிவது என்ன? விஞ்ஞானம் ஈன்ற விந்தைக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம்! விடிந்தால் ராசிபலன், மாலையில் பழிவாங்கும் பாம்பு, இரவில் பில்லி சூனியம். பிறந்தது ஆய்வுக்கூடத்தில், பேசுவதோ பேயின் மொழி!

ஒழுகினசேரி தந்த கலைவாணர் இம்மண்ணின் மைந்தரன்றோ? 1949-இல் அண்ணாவின் எழுத்தில் வெளிவந்த 'நல்லதம்பி'யில், காலட்சேபம் என்னும் பழைய வடிவத்தையே கைக்கொண்டு, கல்வியால் உயரும் ஒடுக்கப்பட்ட சிறுவன் கதையைக் 'கிந்தனார்' ஆக்கினார். சிரித்தவன் சிந்தித்தான். வண்ணமில்லாத படம்தான் அது!

என் வகுப்பு மாணவி ஒருத்தி. கூடத்திற்குத் திரை வந்தது. அவளுடைய புத்தகங்கள் அடுக்களைக்குப் போயின. மாதத் தவணை கட்டப் பணமுண்டு. அவளுக்கொரு மேசை விளக்கு வாங்க இல்லையாம்! அதே திரையில் இணையத்தின் வழியே வானியலும் காணலாம், வரலாறும் காணலாம். திரையை இயக்கும் கருவி யார் கையில் என்று பாருங்கள், தோழர்களே! அவள் கையில் இல்லை.