சர்வகலாசாலையும் லயத்துத் தமிழும்

ஈ. வெ. இராமசாமி அவர்கள் 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கி, மலாயா நாடெங்கும் சாதியொழிப்பைப் பேசிச் சென்ற காலம் முதல், சமத்துவம் என்னும் சொல் இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. கோயில் வாசலிலும் காப்பிக்கடையிலும் லயத்துக் குழாயடியிலும் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆயினும், சர்வகலாசாலையில் ஒரு பகுதிக்குள்ளும் அதே கேள்வியை எழுப்ப வேண்டும் என்றால் கற்றவர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். கல்விக்கூடத்தில் ஏது உயர்வு தாழ்வு என்கின்றனர். ஆசனங்களில் அதைத் துடைத்தெறிந்த பின்னும், புத்தக அலமாரியில் அது போய் ஒளிந்துகொள்ளும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலாயா சர்வகலாசாலை 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் தோன்றியது. அதில் இந்திய ஆராய்ச்சிக்கென ஒரு பகுதி அமைப்பது குறித்து யோசனை கேட்கப்பட்டவர் சரித்திரப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்று அவர் சிபாரிசு செய்தார். சோழர் சரித்திரத்தை அவரைப்போல் ஆராய்ந்தெழுதியவர் அரியர். அப்பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஆனால் இந்நாட்டில் பால்மரம் சீவியவனும், ரயில் பாதை போட்டவனும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் பேசிய மொழி எது? அவன் பிள்ளை சர்வகலாசாலைப் படியேறும் நாளில் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்பதன்றோ அச்சிபாரிசின் பொருள்? 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் இதனை எதிர்த்தெழுந்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரண்டது. தோட்டத் தொழிலாளரும் கடைச்சிப்பந்திகளும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். 1956இல் அப்பகுதி தொடங்கியபோது தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவனின் வெள்ளி அது. ஆகையால் அப்பகுதியை மதிப்பிடும் உரிமை நமக்கு உண்டு.

பின்னர் கோலாலம்பூருக்குச் சென்ற அப்பகுதியின் தலைமையை 1961இல் ஏற்றவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துத் தமிழர், கத்தோலிக்கத் துறவி. சமயமும் பிறந்த ஊரும் அவருக்குத் தடையாகவில்லை. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியதென்றால் அது பெரிதும் அவர் உழைப்பே. ஆளைத் தேர்வதில் இவ்விதப் பரந்த நோக்கு வேண்டும் என்பதை இன்று எவரும் மறுக்கமாட்டார். நூலைத் தேர்வதில் அது வேண்டாமா என்பதே நம் கேள்வி. வடமொழி வீற்றிருக்க இருந்த சிம்மாசனத்தில் சங்கத்தமிழை மட்டும் அமர்த்திவிட்டு, லயத்துத் தமிழைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்தால், சிம்மாசனம் ஆள் மாறியதேயன்றி வேறென்ன நடந்தது?

பினாங்கையே எடுத்துக்கொள்வோம். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் 'வித்தியா விசாரிணி'யை நடத்தியது இவ்வூரில். இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகையின் தொடக்கத்தில் முஸ்லிம் புலவர் நிற்கிறார். அவரை ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிடும் இலக்கிய வரலாறு முழு வரலாறாகாது. 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் ப. சிங்காரத்தின் இரு நாவல்களிலும் பினாங்கு வருகிறது. பின்னது 1972இல் அச்சேறுமுன் நெடுநாள் பதிப்பாளரின்றிக் கிடந்தது. மலாய்ச் சொல்லும் சீனர் பேச்சும் தமிழோடு கலந்தோடும் அந்நடை, நமது துறைமுகத் தெருக்களின் உண்மையான நடை. ஆயினும் அவை வட்டிக்கடையும் வணிகமும் போரும் கண்ட ஆடவரின் உலகம். பெண்மக்கள் அதில் நிழலாகவே நடமாடுகின்றனர். தோட்டமோ தூரத்தில் கிடக்கிறது. 1942–43இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழரின் கதையை அறிய ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களிடம்தான் நாம் செல்லவேண்டும்.

இவற்றை எல்லாம் பாடமாக்கினால் தரம் குன்றும் என்பர். எடை போடுவது விமரிசகன் தொழில், ஒப்புக்கொள்கிறோம். தராசில் வைக்காமலே எடை குறைவென்பது எந்த ஊர் வியாபாரம்? 1887 முதல் 1987 வரையிலான மலேசியத் தமிழ்க் கவிதைகளை முரசு நெடுமாறன் அவர்கள் திரட்டி 1997இல் களஞ்சியமாக வெளியிட்டார். ஒரு பகுதி முழுவதும் கூடிச் செய்யத்தக்க வேலை அது. அக்களஞ்சியம் இருப்பதால்தான் நல்ல கவிதையையும் வெறும் செய்யுளையும் பிரித்துக்காட்ட நமக்கு இன்று இடமிருக்கிறது.

அச்சேறாத தமிழும் உண்டு. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தனர். அவர்தம் பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் எழுதப்படாமலே பெரும்பாலும் மறைந்தன. மிஞ்சியவை பாட்டிமார் நாவில் இருக்கின்றன. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டக் குடும்பத்து மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் ஒப்பாரியை எழுதிக்கொண்டுவந்து இதுவே என் ஆராய்ச்சிப் பொருள் என்று மேசைமேல் வைப்பாளாயின், பேராசிரியர் அதைப் படிக்கக் கண்ணாடியை எடுத்து அணிவாரா, அல்லது இதற்கு இலக்கணம் உண்டா என்று கேட்பாரா?