பூப்பெயரின் எழுத்துக்கூட்டு: அந்தமானியப் பெண்பெயர் ஒன்றும் தமிழ் வடிவங்களும்

1. முன்னுரை

நடு அந்தமானுக்குக் கிழக்கே உள்ள லாங் ஐலண்ட், தமிழில் நெடுந்தீவு என்று மொழிபெயர்க்கப்படுவதில்லை. மொழிபெயர்த்தால் படிப்பவர்க்கு யாழ்ப்பாணத்து நெடுந்தீவே நினைவுக்கு வரும். ஐலண்ட், ஐலேண்ட், ஐலன்ட் என எழுத்துக்கூட்டு வேறுபட்டாலும் அது சுட்டும் இடம் மாறுவதில்லை. பெயரின் பணி பொருள் உணர்த்துவதன்று, சுட்டுவதே என்னும் அடிப்படை உண்மையை இவ்வழக்கு காட்டுகிறது. ஆனால் ஒரு பெயர் தன் பொருளாலேயே ஒருவரைச் சுட்டுமாயின் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது? லாங் ஐலண்டுக்குத் தெற்கே, எஞ்சிய பேரந்தமானியர் குடியமர்த்தப்பட்ட ஸ்டிரெய்ட் தீவு இருக்கிறது. அவர்தம் முன்னோரிடையே வழங்கிய பெண்களின் பூப்பெயர்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

2. பூப்பெயரின் இயல்பு

அந்தமானியர் பற்றி இ. எச். மான் 1883இல் வெளியிட்ட ஆய்விலும், 1906-08 ஆண்டுகளின் களப்பணியை அடிப்படையாகக் கொண்டு ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலிலும் இவ்வழக்கம் பதிவாகியுள்ளது. குழந்தை பிறக்கும் முன்னரே இடப்படும் இயற்பெயர் இருபாலுக்கும் பொதுவானது. பெண் பூப்பெய்தும்போது, அப்பருவத்தில் எம்மரம் பூத்திருக்கிறதோ அதனையொட்டி ஒரு பெயர் பெறுகிறாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் 18 மரங்கள் இதற்கென வரையறுக்கப்பட்டிருந்தன என்கிறார் மான். பயன்பாட்டு விவரங்களில் இருவர் கூற்றும் சற்றே வேறுபடினும், தாய்மை எய்தும்வரை பூப்பெயர் நிலைத்தது என்பதும் பின்னர் அது வழக்கொழிந்தது என்பதும் தெளிவு.

தென் அந்தமானின் ஆக்கா-பேயா மொழியிலிருந்து மான் தரும் எடுத்துக்காட்டு படாக் மரத்தைப் பற்றியது. மரத்தின் பெயர் சாலங்கா. அது பூக்கும் காலத்தில் பூப்பெய்தியவளின் பெயர் சாகரு. தாயான பிறகு சாகரு நீங்கி, சானா என்னும் மதிப்புப்பெயர் வருகிறது. ஆகவே மரப்பெயரும் பெண்பெயரும் ஒரே சொல்லின் எழுத்து வேறுபாடுகள் அல்ல. சாலங்கா என்பதையே பெண்பெயராக எழுதுவது பிழையாகும்.

3. ஒலிபெயர்ப்புக் கருத்துகள்

ஒலிபெயர்ப்பே தக்கது என்பார் கருத்தை முதலில் நோக்கலாம். மானின் எழுத்துமுறை, அலெக்ஸாண்டர் எல்லிஸின் துணையுடன் உருவாகி நெடில், அழுத்தம் ஆகியவற்றைக் குறியிட்டுக் காட்டியது. பின்வந்த தாவரவியல், வனவியல் நூல்கள் அக்குறிகளை விடுத்தன. அவற்றைப் பார்த்து எழுதினால் சாலங்கா சலங்கா ஆகிவிடும். தமிழ்ச் செவியில் சலங்கையின் ஒலி கேட்கும். அந்நூல்கள் மரப்பெயரை ஆக்கா-பேயாவின் பெயர்ச்சொல் விகுதியோடும் சேர்த்துத் தருகின்றன. அவ்விகுதியைச் சொல்லின் பகுதியாகக் கொண்டு, பல்லொலியா நாவளை ஒலியா என்று உரோமன் எழுத்து காட்டாத ஒன்றைத் தமிழில் -தா என்றோ -டா என்றோ முடிவுகட்ட வேண்டிய நிலையும் நேர்கிறது.

சாகரு என்னும் வடிவிலும் சிக்கல் உண்டு. மொழிமுதல் சகரத்தை இன்று பலர் உரசொலியாகவே ஒலிக்கின்றனர். மூலத்தில் இருப்பது அடைப்புரசொலி. ச்சாகரு என எழுதினால் ஒலி கிட்டும். ஆனால் மெய் மொழிமுதல் ஆகாது என்னும் மரபு மீறப்படும். பொருள்வழி இடர் இதனினும் பெரிது. சா, கரு என்று பிரித்துப் படிக்க இடமுள்ள இவ்வடிவம் தமிழர் காதுக்கு அமங்கலமாகப் படலாம். அதனை விலக்கச் சாகரா என ஈற்றை மாற்றினால் பெண்பெயர்போல் ஒலிக்கும். ஆனால் அது கடலைக் குறிக்கும் வடசொல்லாகிவிடும். காட்டு மரத்தின் பூ கடலாக மாறிவிடும்.

வடசொல்லைத் தமிழெழுத்துக்கேற்பத் திரித்துக்கொள்ளத் தொல்காப்பியம் இடமளிப்பதைச் சான்றாகக் காட்டி இம்மாற்றத்தை ஆதரிக்கலாம். அவ்விதி தமிழில் வந்து வழங்கும் சொற்களுக்குரியது. இங்குள்ளதோ தமிழில் வழங்காத, சான்றாக மட்டும் எடுத்தாளப்படும் பெயர். சான்றைக் காதுக்கினியதாக்கத் திரித்தல் ஆய்வுநெறியாகாது.

4. மொழிபெயர்ப்புக் கருத்துகள்

பூவின் பெயரைத் தமிழாக்கிவிடலாம் என்பது மற்றொரு கருத்து. படாக், வேங்கை மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. வேங்கை பூக்கும் காலத்தைத் தினை விளைவோடும் மணத்தோடும் இணைத்துப் பேசுவது குறிஞ்சி மரபு. காலம் அறிவிப்பதால் வேங்கைக்குக் கணி என்னும் பெயரும் உண்டு. பூப்பெய்துதல் என்னும் தமிழ்ச்சொல்லே மலர்தலை உருவகமாகக் கொண்டது. இத்தனை பொருத்தங்கள் வேறெந்த மொழிக்கும் வாய்ப்பது அரிது.

ஆயினும் இப்பொருத்தமே தடம் மாற்றுகிறது. வேங்கை என்று பெயரிடப்பட்ட பெண்ணைப் படிப்பவர் முதலில் புலியாகவே நினைப்பர். அந்தமான் காடுகளில் புலி இல்லை. மேலும் படாக் பூப்பது தீவின் மழைக்காலத்தில். அவ்விடத்தில் குறிஞ்சி நிலத்தின் தினைப்புனக் காலத்தைக் கொண்டுவந்து வைத்தால் பெயர் தாங்கிய ஒரே செய்தியும் அழிகிறது. தமிழில் பூப்பு ஓர் உருவகம். அந்தமானியரிடத்திலோ பூப்பெயர் ஒரு காலக்குறிப்பு. எந்தப் பூ என்பதைவிட எப்போது பூத்தது என்பதே அதன் உயிர்.

5. முடிவுரை

மேற்கண்ட கருத்துகள் யாவும் அழகிய பெயர் எது என்றே தேடுகின்றன; பெயர் எதைப் பதிவு செய்கிறது என்று கேட்பதில்லை. மூல ஆசிரியர் தந்த வடிவையே கொண்டு சாகரு என எழுதுதல், விகுதி சேர்க்காமலும் ஈற்றைத் திருத்தாமலும் விடுதல், மொழிமுதல் ஒலியை ஓரிடத்தில் மட்டும் விளக்குதல், முதல் வருகையில் ‘படாக் பூக்கும் மழைக்காலத்தில் பூப்பெய்தியவள்’ எனக் காலத்தைச் சேர்த்துரைத்தல் ஆகிய நான்கும் போதுமானவை. மரத்தைப் படாக் என்றே குறிக்கலாம். பர்மிய மூலமுடைய அச்சொல்லே தீவுகளின் பொதுவழக்கு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழ்ந்த இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். அவர்களுக்குப் படாக் நாள்தோறும் காணும் மரம். அதன் பெயரால் ஒரு காலத்தில் பெண்கள் அழைக்கப்பட்டனர் என்பதை அவர்கள் தம் மொழியில் அறிய வேண்டுமாயின், அப்பெயர் கடலாகவும் புலியாகவும் சலங்கையாகவும் மாறாமல் வந்து சேர வேண்டும். ஆக்கா-பேயாவைப் பேசுவோர் இன்று எவருமிலர். ஓர் எழுத்தைத் தவறாக இட்டால் திருத்திச் சொல்ல அம்மொழியில் ஒருவரும் இல்லாத நிலையில், எழுத்துக்கூட்டில் காட்டும் கவனம் ஒன்றே அப்பெண்களின் பெயர்களுக்கு எஞ்சியிருக்கும் காப்பு.