வாங்கச் சொல்லும் கடிதம் எங்கே சறுக்குகிறது?

பந்திங்கில் அண்மையில் ஒரு கட்டு மாணவர் கடிதங்களைத் திருத்தினேன். வகுப்புக்குப் புரொஜெக்டர் வாங்கித் தரக் கோரித் தலைமையாசிரியருக்கு எழுதியவை. முகவரி, விளிப்பு, கையொப்பம் எல்லாம் சரி. ஆனால் பாதிக்கு மேல் ‘இன்றைய நவீன உலகில்’ என்றே தொடங்கின. அது தலைமையாசிரியருக்குத் தெரியாதா என்ன? எத்தனை வகுப்புகள் ஒரே கருவிக்குக் காத்திருக்கின்றன, விலை என்ன, பணம் எங்கிருந்து வரும், வாங்காவிட்டால் என்ன ஆகும்? இதைத்தான் அவர் தேடுவார்.

கடைசிக் கேள்வியை மாணவர்கள் தொடுவதே இல்லை. துன் வீ. தி. சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளிக்கு வேலையும் வீடும் சேர்ந்தே போயின. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பங்குப் பணத்தை 10 வெள்ளித் தவணையாகக் கட்டலாம் என்ற வழியும் இருந்தது. 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இழப்பும் தொகையும் கேட்பவரின் வீட்டுக் கணக்கிலேயே இருந்தன. அதனால்தான் சம்பளம் குறைந்தவர்களும் பணம் கட்டினார்கள்.

கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. பழைய கருவியை அடுத்த கட்டடத்திலிருந்து தூக்கி வந்து பூட்டுவதற்குள் பாடவேளையில் பத்து நிமிடம் போய்விடுகிறது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். விலையைப் போட மறந்துவிட்டாள், பாவம். இருந்தாலும் அதற்குத்தான் கூடுதல் புள்ளி கொடுத்தேன்.