வெளிவாரிக் கல்வி: நியூமனும் பவணந்தியாரும்

உயர்கல்வியின் இயல்பை ஆராயப் புகுவோர் ஜோன் ஹென்றி நியூமன் இயற்றிய ‘பல்கலைக்கழகம் பற்றிய கருத்து’ என்னும் நூலைக் கடந்து செல்லல் அரிது. 1852ஆம் ஆண்டில் டப்ளின் நகருக்கென அவர் ஆக்கிய சொற்பொழிவுகளே அந்நூலுக்கு அடிப்படை. அறிவு தன்பொருட்டே தேடத்தக்கது, தொழிற்பயன் அதன் அளவுகோல் அன்று என்பது அவர்தம் துணிபு.

அவற்றுள் ஆறாஞ் சொற்பொழிவிலுள்ள ஒரு கருத்து, வெளிவாரிப் பட்டதாரிகளாகிய எம்போல்வார் நெஞ்சைத் தைக்கவல்லது. உடனுறைவின்றிப் பரீட்சை மட்டும் நடத்திப் பட்டமளிப்பது ஒரு கழகம். பேராசிரியரும் பரீட்சையுமின்றி இளைஞரை மூன்று நான்கு ஆண்டுகள் ஒருங்குறையச் செய்து அனுப்புவது மற்றொன்று. மனத்தைப் பண்படுத்துவதிற் பின்னதே சிறந்தது என்கிறார் நியூமன். இளைஞர் ஒருவரோடொருவர் உரையாடுதலே அவர்க்கு ஆசானாகும் என்பது அவர் காட்டும் ஏது.

இக்கூற்று முற்றும் பிழையன்று. பகலிற் கற்பித்து இரவிற் கற்றவன் யான். நூல்கள் கிடைத்தன, விடை எழுதும் முறையும் கைவந்தது. ஆயின், என் கருத்தை மறுத்துரைப்பார் எவருமிலர். மறுப்பாரின்றி வளருங் கருத்துத் தன் பிழையைத் தானறியாது. பட்டம் பெற்ற பின்னரே அக்குறையை உணர்ந்தேன்.

எனினும், ஒருங்குறையும் வாய்ப்பு எத்துணைப் பேர்க்கு உண்டு? 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்குத் திறந்தது. 1921இற் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் அப்பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தை அவ்வழியே பெற்ற சுவாமி விபுலானந்தர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். தனித்துக் கற்றல் அறிவைக் குறுக்கிவிடும் என்பார்க்கு அவர் வாழ்வே மறுப்பாகும். மறுபுறம், விடுதியில் ஒருங்குறைந்தும் குறிப்பேடுகளை மனனஞ்செய்து மீள்வார் நியூமன் கூறிய பயனை எய்தார். ஆகவே, வேண்டப்படுவது உறைவிடம் அன்று; உரையாடலே.

இவ்விடத்து நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரின் கணக்கு நியூமனின் கணக்கினும் நிறைவுடையது. மாணவன் ஆசிரியனிடம் பெறுவது காற்கூறு; உடன்கற்போரோடு பயின்று பெறுவது மற்றொரு காற்கூறு; எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு உரைத்தலால் வருவது. நியூமன் இரண்டாங் காற்கூற்றையே முழுமையாகக் கண்டார். ஆசிரியத் தொழில் செய்துகொண்டே வெளிவாரியாகக் கற்போன் கையில் அரைக்கூறு ஏற்கெனவே உளது. அவன் இழப்பது உடன்கற்போர் தரும் காற்கூறே.

அதனை ஈட்டப் பேராதனை செல்லல் வேண்டுவதில்லை. வெளிவாரிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நம் ஆசிரியரும் பழைய மாணவரும் வாரம் ஒரு மாலை கல்லூரி நூலகத்திற் கூடித் தத்தம் விடைகளைப் படித்து, தயங்காது மறுத்துரைப்பாராக. எனக்குக் கிட்டாத அத்துணை பின்வருவோர்க்கேனும் கிட்டுதல் வேண்டும்.