கல்லில் உரியாத நார்

'முடியாது' என்பதைச் சொல்லும் தமிழ்த் தொடர்கள் எல்லாம் வடமொழித் தருக்க நூல்களிலிருந்து இறங்கி வந்தவை என்ற பேச்சு இப்போது கருத்தரங்குகளில் அடிக்கடி காதில் விழுகிறது. முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடிமகன் என்று மூன்றை எடுத்துக் காட்டியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. பாதி உண்மைதான். மீதிப் பாதி சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் சீந்துவாரின்றிக் கிடக்கிறது.

ஏட்டு மரபு நமக்குத் தெரிந்ததே. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் நடக்கக் கூடாதவற்றை அடுக்கி, அவையே நடந்தாலும் சேரன் நிலைகுலையாதிருக்க வாழ்த்துகிறார். மணிமேகலையின் தருக்கப் பகுதி முயற்கோட்டை இல்லாப் பொருளுக்குச் சான்றாக்கியது. சிவவாக்கியர் மீளாதவற்றை வரிசையாகச் சொல்லி மறுபிறப்பை மறுத்தார். பிறகு பாதிரிமார் வந்தார்கள். பெர்சிவலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை அகர வரிசையில் அடுக்கியது. பேசிய வாயும் பேசிய இடமும் அதில் உதிர்ந்துபோயின. 1897இல் யென்சன் பொருள்வாரியாகத் தொகுத்தது அதைவிடக் கூர்மையான வேலை. அவரை நாம் போதுமான அளவு படிக்கவில்லை.

தருக்க நூல் தொடர்கள் சுட்டும் பொருளே உலகில் கிடையாது: முயலுக்குக் கொம்பில்லை, வானத்தில் தாமரையில்லை. கல்லில் நார் உரிப்பது, மணலைக் கயிறாகத் திரிப்பது என்பவை வேறு சாதி. கல், நார், மணல், கயிறு நான்கும் கண்முன் இருக்கின்றன; கைவேலைதான் அவற்றைச் சேர்க்க மாட்டேன் என்கிறது. மணற்கயிறு இலத்தீனிலும் உண்டு. கயிறு திரித்த ஊரெல்லாம் தானாகவே கண்டுகொள்ளக்கூடிய உண்மை அது. யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

தமிழகம் முழுக்க வழங்கும் இத்தொடர்களின் வேரைப் பார்க்க இந்த மேட்டுக்காடு நல்ல இடம். நாருக்காகப் புளிச்சைத் தட்டை அறுத்துக் கத்தை கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, மிதக்காமலிருக்க மேலே கல்லை ஏற்றி வைப்பார்கள். பட்டை அழுகி நாற்றமெடுத்ததும் அடித்தண்டை ஒடித்து இழுத்தால் நுனிவரை ஒரே இழுப்பில் நார் வரும். ஊறல் போதாவிட்டால் அறுந்து அறுந்து வரும். மேலே ஏற்றிய கல்லும் அதே தண்ணீரில்தான் அத்தனை நாளும் ஊறிக் கிடக்கிறது.

'அவங்கிட்டக் காசு வாங்கறது கல்லுல நாருரிக்கறாப்ல' என்று ஒருவர் சொல்லும்போது அங்கே இல்லாத பொருள் எதுவுமில்லை. காசு இருக்கிறது, வைத்திருப்பவன் இருக்கிறான், கொடுக்க மாட்டான். முயற்கொம்பு யார்மீதும் குற்றம் சாட்டாது. இத்தொடர் ஆளைக் கைகாட்டுகிறது. உழைத்தவனின் வழக்காடும் மொழி இது. தருக்க நூலின் எச்சம் என்று இதைத் தள்ளுவது அநியாயம்.

குதிரைக்கொம்போ நாளிதழ்த் தலைப்புகளில் தேய்ந்து 'அரிது' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. மலடிமகனின் கதை கொடியது. தருக்கத்தில் அது வெறும் எடுத்துக்காட்டு. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) படித்தவருக்கு, அந்தச் சொல்லின் முதற்பாதி குழந்தையில்லாத நாயகி பொன்னாமீது எப்படி விழுகிறது என்று தெரியும். அதைக் கூசாமல் கையாளும் ஆய்வாளர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

பெருமாள்முருகனே தந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒரு தொடக்கம். சொல்லை அது காப்பாற்றியது. தொடர்களுக்கும் ஒரு தொகுப்பு வேண்டும்: யார் சொன்னார், யாரிடம், எந்தக் கூலி பாக்கிக்காக என்பதெல்லாம் ஒவ்வொன்றின் கீழும் பதிவாக வேண்டும். அந்த வேலையை நூலகத்தில் தொடங்க முடியாது. புளிச்சை உரித்த கைகள் இன்னும் இருக்கிற வீடுகளில்தான் தொடங்க வேண்டும்.