அசைவும் உடைமையும்: இரு திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

அறிவியற் கற்பனைக் கலை வருங்காலத்தைச் சித்திரிப்பதாகத் தோன்றினும், அது பிறந்த சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளே அதில் ஊடாடி நிற்கின்றன. உடலிற் பொருத்தப்படும் சாதனங்கள் வாயிலாக மனித அசைவு பொறிக்குரிய கட்டளையாக மாறுவதைக் காட்டும் இரு திரைப்படங்களை ஒப்புநோக்குமிடத்து இது தெளிவாகும்.

ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'மைனோரிற்றி றிப்போட்' (2002) 2054ஆம் ஆண்டின் வொஷிங்ரனிற் கதையை நிகழ்த்துகின்றது. அதன் நாயகனான பொலிஸ் அதிகாரி, விரல்நுனிகள் ஒளிரும் கையுறை அணிந்து, இசைக்குழுவை நெறிப்படுத்துபவன் போன்று கைகளை அசைக்கின்றான். அதற்கியையத் திரையிற் படிமங்கள் நகர்கின்றன. இங்கு அசைவு அதிகாரத்தின் அடையாளம். படத்தின் ஆலோசகராகவிருந்த ஜோன் அண்டர்கொஃப்லர் பின்னர் அதனையொத்த சாதனத்தை வணிகப் பொருளாகவே உருவாக்கினார்.

அலெக்ஸ் ரிவேராவின் 'ஸ்லீப் டீலர்' (2008) இதே கனவைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து காண்கின்றது. மெக்சிக்கோவின் கிராமமொன்றிலிருந்து வரும் மேமோ, எல்லைப்புற நகரான ரிகுவானாவில், உடலிற் பதிக்கப்பட்ட இணைப்பிகளின் துணையோடு, அமெரிக்காவிற் கட்டட வேலை செய்யும் ரோபோவை இயக்குகின்றான். உழைப்பு எல்லையைக் கடக்கின்றது, உழைப்பாளி கடத்தலாகாது. குடியேறிய தொழிலாளியின் கை வேண்டும், அவன் வேண்டாம் என்னும் மூலதனத்தின் நெடுநாள் விருப்பம் இங்கு காட்சியாகின்றது.

முதற்படத்தின் ஒளிரும் விரல்களுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1910களில் அமெரிக்காவில் பிராங் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளரின் கைகளிற் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அவர்தம் அசைவின் தடத்தைப் புகைப்படமாக்கினர். 'வீண்' அசைவுகளைக் களைவதே நோக்கம். தொழிலாளியின் கைத்திறன் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, நிருவாகத்தின் அறிவாயிற்று. இன்று ஆர்முடுகலையும் சுழற்சியையும் அளக்கும் நுண்ணுணரிகள் அப்பணியை விளக்கோ புகைப்படக் கருவியோ இன்றி ஆற்றவல்லன. களஞ்சியத் தொழிலாளரின் கையசைவைப் பின்தொடர்ந்து அதிர்வினால் வழிப்படுத்தும் மணிக்கட்டுப் பட்டிக்கு அமேசன் நிறுவனம் 2018இற் காப்புரிமை பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. பொறிக்குக் கட்டளையிடும் கை, பொறியின் கட்டளைக்குப் பணியும் கையாக மாறும் புள்ளி இதுவே.

ஸ்பீல்பேர்க்கின் படம் இப்புள்ளியைக் காண்பதில்லை. அதிகாரியின் அசைவிலுள்ள அழகை அது வியக்கின்றது. பொறியின் முன் நாள் முழுவதும் கையுயர்த்தி நிற்பவனின் தோள்வலி அதன் அக்கறையன்று. ரிவேராவின் படமோ அவ்வலியையே தலைப்பாக்குகின்றது. வேலைக்களைப்பில் தொழிலாளர் மயங்கிச் சரிவதாலேயே அவ்வாலைகளுக்கு அப்பெயர் வழங்குகின்றது.

எனினும் ரிவேராவின் தீர்வு குறைபாடுடையது. மேமோவும் மனம் மாறிய விமானியும் ஓர் எழுத்தாளப் பெண்ணும் சேர்ந்து நீரைத் தனியுடைமையாக்கிய அணையைத் தகர்க்கின்றனர். ஆலையில் வரிசையாக நின்றுழைக்கும் ஏனையோர் இறுதிவரை பின்னணியாகவே எஞ்சுகின்றனர். சுரண்டலைக் கூட்டு அனுபவமாகக் காட்டிய கலைஞர், எதிர்ப்பைத் தனிமனித வீரமாகச் சுருக்கிவிடுகின்றார்.

ஆயினும் அவர் எழுப்பும் வினா சரியானது. தொழில்நுட்பம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று வினா. கையசைவிலிருந்து பெறப்படும் அறிவு எவருடைய உடைமை என்பதே.